முந்நூற்று எழுபத்தேழாம் சிங்கம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அந்த மண்டபத்தில் உட்கார இடமில்லை. நானூறு ஆண்கள். நானூறு பேருக்கும் தொப்பி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி. வங்கியைக் கொள்ளையடிக்கக் கிளம்பிய கூட்டமோ என்று பயந்துவிட வேண்டாம். கொள்ளை கொடுக்க வந்த கூட்டம்.

'பெயர் வேண்டாம், எண் போதும்' என்று வாசலில் பலகை. தன் ஆண்மை குறைந்துவிட்டது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள எந்த ஆணுக்கு வாய் வரும்? ஆகவே ஆளுக்கு ஓர் எண். ஒரு மேலாளர் இரண்டு மாதமாகப் பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தோள் அவருடைய அலுவலகக் காவலாளியுடையது. இருவருக்கும் தெரியாது. வெட்கத்தைப் போல உறுதியான பூட்டு வேறில்லை. சாவி, கூட்டத்தை நடத்துகிற ஆசான் கையில்.

ஆசானுக்குப் பழைய தொழில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பது. "உங்க தண்ணியில என்ன கலந்திருக்கு தெரியுமா?" என்று வாசல் வாசலாகப் பயமுறுத்திப் பழகிய வாய். இப்போது தண்ணீருக்குப் பதில் ரத்தம். வாய் அதேதான்.

அங்கே வந்தவர்கள் எல்லாரும் ஒரே குழியில் விழுந்தவர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனை ஊசியாகவோ களிம்பாகவோ வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டவர்கள். மருத்துவர் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது சிலருக்கு. மற்றவர்களுக்குக் கைப்பேசி விளம்பரம் கொடுத்தது. 'காலையில் சோம்பலா? மதியம் தூக்கமா? மனைவி பேசும்போது கொட்டாவியா?' மூன்றுக்கும் ஆம் என்றால் உடனே ஊசி. மூன்றுக்கும் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு கணவனை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? வெளியிலிருந்து சரக்கு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் பட்டறையை மூடிவிடும். இப்போது ஊசியை விடவேண்டும், பட்டறை திறக்கவேண்டும். அதற்குத்தான் ஆசான்.

"எண் நூத்தி முப்பது!" ஒலிபெருக்கியில் ஆசானின் குரல் குழைந்தது. "வந்தப்ப ரத்தத்துல ஹார்மோன் எண்பது. இன்னிக்கு எழுநூத்திப் பத்து! ஊற்றுக்கண் திறந்தாச்சு!"

நானூறு பேரும் கை தட்டினார்கள். நூற்று முப்பதாம் எண்காரர் முகமூடிக்குள்ளேயே அழுதார்.

ஆசானின் முறை எளிது. விடியற்காலையில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நூற்றெட்டு மூச்சு. பிறகு தோளில் கொஞ்சம் எண்ணெய். "எண்ணெய் சும்மா, தோலுக்கு. மூச்சுதான் மருந்து" என்று அவரே சொல்வார். ஆனால் மூச்சை ஒருநாள் மறந்தால் மன்னிப்பு உண்டு. எண்ணெயை மறந்தால் ஊற்று மூடிவிடும். மனைவிதான் வெறும் கையால் தேய்க்கவேண்டும். தேய்த்த கையை மறுநாள் வரை கழுவக் கூடாது, பாசம் கழுவிப் போய்விடுமாம். சும்மா எண்ணெய்க்கு ஏனய்யா இத்தனை காவல் என்று நானூறு வாயில் ஒரு வாய் கேட்கவில்லை. எல்லா வாயிலும் நாக்கு மேலே ஒட்டியிருந்தது.

இருநூற்றுப் பதினான்காம் எண் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஒன்றரை வருடம் ஊசி போட்டவர். புஜம் பெருத்தது. சட்டை எல்லாம் கிழிந்தது. குழந்தைக்காகப் பரிசோதனைக்குப் போனபோது விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. பெண் மருத்துவர் உள்ளதைச் சொன்னார்: "ஊசியை நிறுத்துங்க. சில மாசம் சோர்வா இருக்கும், எரிச்சல் வரும். தேவைப்பட்டா மாத்திரை தர்றேன். பெரும்பாலும் திரும்பி வந்துடும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். ஆனா உங்க மனைவிக்கு முப்பத்தெட்டு. இனி ஒரு நாளைக்கூட வீணாக்காதீங்க."

மருத்துவர் ஒரு வருடம் என்றார். ஆசான் இருபத்தொரு நாள் என்றார். மெக்கானிக் யாரிடம் போவார்?

ஆசானிடம் போய், இரண்டாம் மாதம் தொள்ளாயிரத்தோடு வீடு திரும்பினார். ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். நாளுக்கு நூறு ரிப்போர்ட் பார்க்கிற கண்.

"ஏங்க, இதுல ஒரு வரிதானே இருக்கு. ரெண்டாவது வரி எங்க?"

"என்ன ரெண்டாவது வரி? டெஸ்டோஸ்டிரோன் தொள்ளாயிரம். அவ்வளவுதான். ஆசான் மத்ததெல்லாம் எடுக்கக் கூடாதுன்னுட்டார். மனசு சிதறுமாம்."

"எல்.எச். அது தலைக்குள்ள இருந்து கீழே வர்ற கட்டளை. நேத்து உங்களுக்கு நானே ரத்தம் எடுத்தேனே, அதையும் பார்த்தேன். கிட்டத்தட்ட சைபர்."

"தொள்ளாயிரம் இருக்கும்போது அது எதுக்கு?"

மனைவி கொஞ்சம் யோசித்து, அவர் பாஷைக்கே இறங்கினார். "நீங்க ஒரு லிஃப்டைப் பார்க்கப் போறீங்க. லிஃப்ட் ஏழாவது மாடியில நிக்குது. ஆனா கன்ட்ரோல் பெட்டியில இருந்து கட்டளையே போகல. மோட்டார் சுத்தவே இல்ல. என்னன்னு நினைப்பீங்க?"

"யாரோ கையால ஏத்தியிருக்கான்."

"அதையேதான் நானும் சொல்றேன். உங்களுக்குள்ள யாரோ கையால ஏத்துறாங்க."

மெக்கானிக் தட்டை ஒதுக்கினார். "எனக்கு உடம்பு நல்லாயிருக்கு. ரிப்போர்ட் நல்லாயிருக்கு. நீ மட்டும்தான் நல்லா இல்ல." நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அறைக்குப் போனார். வாக்குவாதத்தில் தோற்பவருக்கு இதைவிட வசதியான பயிற்சி கிடையாது.

கையால் ஏற்றுகிற ஆள் யார் என்று காட்டிக்கொடுத்தது மாமியார், மெக்கானிக்கின் அம்மா.

"அம்மாடி, இப்படி வெளிச்சத்துக்கு வா" என்று மருமகளின் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "என்னடி இது, மூணு முடி? கறுகறுன்னு?"

மருமகள் தடவிப் பார்த்தார். முடிதான். நெற்றியிலும் புதிதாகப் பரு. பிறகு தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். தினமும் எண்ணெய் தேய்க்கிற, கழுவக் கூடாத அந்தக் கை.

"அத்தை, அந்த எண்ணெய்லதான் மருந்தே இருக்கு. இவரு எதை விடணும்னு போனாரோ, அதையே அந்த ஆசான் ஊசிக்குப் பதிலா பாட்டில்ல கொடுத்திருக்கான். தோல் வழியா உள்ள போகுது. எனக்கே இப்படின்னா, அவருக்குப் பட்டறை எங்க திறக்கும்? தினமும் நாமளே பூட்டிக்கிட்டிருக்கோம்."

"என் பையன்கிட்ட சொல்லு."

"சொன்னா நம்ப மாட்டார். ஆசான் வாயால சொல்லணும்."

"அவன் எப்படிச் சொல்லுவான்?"

"தெரியாமச் சொல்லுவான் அத்தை. பேர் வேண்டாம், எண் போதும்னு பலகை வெச்சிருக்கானே."

மாமியாருக்கு அறுபத்தாறு வயது. ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவன் காப்பியடித்தால் கடைசி பெஞ்சிலிருந்தே மோப்பம் பிடிக்கிற மூக்கு. விஷயம் புரிந்ததும் சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கொண்டா எண்ணெயை. நானே தேய்ச்சுக்கறேன். எனக்கு இனிமே மீசை வந்தா என்ன, தாடி வந்தா என்ன. எப்படியும் முட்டி வலிக்குது."

"உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"மூணு வாரம்தானே? வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பாரு. நீ தொடாதே, உனக்குப் பிள்ளை பொறக்கணும்."

'எங்கள் வீட்டுப் பெரியவருக்கு' என்று தொலைபேசியில் பதிவு செய்தார்கள். யாரோ விட்டுப்போன முந்நூற்று எழுபத்தேழாம் எண்ணும், ஒரு பாட்டிலும் வீடு தேடி வந்தன. பெரியவர் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. வேறு யார் வரப்போகிறார்கள்?

மெக்கானிக்கின் பாட்டிலை அன்றே கழுவித் துடைத்துச் சமையல் எண்ணெயை ஊற்றி வைத்தார் மனைவி. வாசனைக்குக் கொஞ்சம் கற்பூரம். ஐந்தாம் நாள் மெக்கானிக் தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்னார்: "இந்தத் தடவை எண்ணெய் செம காரம். நரம்பெல்லாம் விண்ணுன்னு தெறிக்குது!" பொரித்தெடுக்க வாங்கிய எண்ணெய். தெறிக்காமல் என்ன செய்யும்?

மாதக் கடைசிச் சனிக்கிழமை குடும்பத்தோடு வரலாம் என்பது அங்கே வழக்கம். கை தட்ட ஆள் வேண்டுமே. மாமியாரும் மருமகளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் முன் வரிசையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ரிப்போர்ட்டுகள் எல்லாம் பெட்டியில் போடப்பட்டிருந்தன. ஆசான் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"எண் இருநூத்திப் பதினாலு. போன மாசம் தொள்ளாயிரம். இந்த மாசம்..." ஆசான் கண்ணாடியைச் சரிசெய்தார். "தொண்ணூத்தஞ்சு! எண் இருநூத்திப் பதினாலு, மூச்சுல ஏமாத்தியிருக்கீங்க. உங்க மனசுல சந்தேகம் நுழைஞ்சிருக்கு!"

மெக்கானிக் சுருங்கிப்போனார். ஒரு மூச்சுகூட அவர் குறைத்ததில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் சந்தேகம் தன்மேல் ஒட்டிக்கொள்ளுமோ என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"இதோ பாருங்க, முந்நூத்தி எழுபத்தேழு!" ஆசானின் முகம் மலர்ந்தது. "வந்து மூணே வாரம். பதினெட்டுல தொடங்கி அறுநூத்திப் பன்னெண்டு! இதுதான்யா ஆண்மை! இதுதான்யா நம்பிக்கை! இவர் மூச்சு விடுற அழகை நான் ஞானத்துலயே பார்த்திருக்கேன். இருபத்தஞ்சு வயசு வாலிபனோட ஊற்று! சிங்கம்! சிங்கம் எங்க இருக்கு? எழுந்து கையைத் தூக்கட்டும், நாம தரிசிக்கலாம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கையில் கண்ணாடி வளையல். மறு கையில் ஊன்றுகோல்.

"நான்தான்யா அந்தச் சிங்கம்" என்றார் மாமியார்.

கைதட்டல் நாலு திசையிலும் ஒவ்வொன்றாக அறுந்தது.

"அம்மா!" என்று முன் வரிசையில் எழுந்தார் மெக்கானிக். முகமூடி கழன்று காதில் தொங்கியது.

ஆசான் தண்ணீர்க் கருவி விற்றவர்; கதவு முகத்தில் சாத்தப்படுவது பழக்கம். இரண்டே நொடியில் இளித்தார். "பாருங்க! பாருங்க பெருமக்களே! என் முறையோட சக்தி எப்பேர்ப்பட்டது! ஒரு தாய்க்குள்ளயே ஊற்றுக்கண் திறந்திருக்கு!"

இதற்கும் பத்துப் பேர் கை தட்டினார்கள். அந்தப் பத்துப் பேர்தான் இந்த நாட்டு ஆசான்களுக்கெல்லாம் நிரந்தர வைப்புநிதி.

"அப்படியா?" மாமியார் ஊன்றுகோலைத் தட்டினார். "ஆம்பளை ஊத்து எனக்குள்ள எங்கய்யா இருக்கு? நான் ஒரு மூச்சுகூட எண்ணல. நாக்கு ஒட்டல. முட்டிக்கு உன் எண்ணெயைத் தேய்ச்சேன், அவ்வளவுதான். என் பையன் மூச்சு மூச்சா எண்ணினான். ஆனா அவன் பாட்டில்ல இருந்தது சமையல் எண்ணெய். எது ஏறுச்சு, எது இறங்குச்சு? கூட்டிக் கழிச்சுப் பாருங்க. மூணாம் வகுப்புக் கணக்கு."

மருமகள் எழுந்து பாட்டிலை உயர்த்திப் பிடித்தார். "இங்க இருக்கிற பொம்பளைங்க கொஞ்சம் உங்க தாடையைத் தடவிப் பாருங்க. யாருக்காச்சும் புதுசா முடி முளைச்சிருக்கா?"

பெண்களின் கைகள் மெல்ல முகவாய்க்கு உயர்ந்தன. ஒருத்தி "ஐயோ" என்றாள். இன்னொருத்தி கணவனின் முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"பாட்டிலை இங்கேயே சீல் வெச்சுப் பரிசோதனைக்கு அனுப்பலாமா ஆசானே?" என்றார் மருமகள்.

ஆசான் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்தப் பயிற்சி அவருக்கே பயன்பட்டது. பின்வாசல் வழியாக அட்டைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த சீடர்களை, தன் மேலாளருக்குத் தோள் கொடுத்துத் தூங்கவைத்த அந்தக் காவலாளியே மறித்தார். பழக்கதோஷம். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து பார்த்தபோது, எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் டெஸ்டோஸ்டிரோன் தூள் பொட்டலம் பொட்டலமாக இருந்தது. எதிலிருந்து தப்பிக்க ஓடிவந்தார்களோ, அதையே வரிசையில் நின்று வாங்கிப் பூசிக்கொண்டு போயிருக்கிறார்கள் நானூறு பேர்.

மெக்கானிக் பெண் மருத்துவரிடம் திரும்பிப் போனார். அவர் திட்டவில்லை. "எவ்வளவு நாள் போச்சு?" என்று மட்டும் கேட்டார். "மூணு மாசம்." மருத்துவர் மனைவியின் வயதை மறுபடி ஒருமுறை பார்த்து, பேனாவை மூடினார். அந்த ஓசை மெக்கானிக்கின் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதங்கள் சொன்னபடியே சோர்வாக நடந்தன. எரிந்து விழுந்தார். கண் கலங்கினார். மனைவி பேசும்போது கொட்டாவி விட்டார். மனைவியும் பதிலுக்கு விட்டார். நான்காம் மாதம் இரண்டாவது வரியில் எண் தலைகாட்டியது. எட்டாம் மாதம் மனைவி ஒரு ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். உயிரணு சைபர் இல்லை. நிறைய இல்லை, இருந்தது. மெக்கானிக் அந்த வரியில் விரலை வைத்தார்.

"மோட்டார் சுத்துது" என்றார்.

"சுத்துது. முழு வேகம் வர இன்னும் நாளாகும். அதுக்குள்ள எனக்கு முப்பத்தொன்பது ஆகிடும்" என்றார் மனைவி. அந்த மூன்று மாதத்தை எந்த ஆசானும் திருப்பித் தரப்போவதில்லை.

மாமியாருக்குத் தாடையில் ஒரே ஒரு முடி மட்டும் பிடிவாதமாக முளைக்கிறது. பிடுங்க மறுக்கிறார். பதக்கமாம்.

ஆசான் ஜாமீனில் வந்துவிட்டார். வேறொரு தெருவில் புதுப் பலகை: 'இருபத்தொரு நாளில் வழுக்கை மீட்பு.' வாசலில் தொப்பிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவர்களில் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். உள்ளே போகுமுன் இரண்டாவது வரி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கேட்கத் தோன்றினால் நல்லது; தலைக்குள்ளிருந்து இன்னும் கட்டளை வருகிறது என்று அர்த்தம். தோன்றவே இல்லையென்றால், மூடிக்கிடக்கிற பட்டறை வேறு. அது கழுத்துக்கு மேலே இருக்கிறது.