அஞ்சு தீபம் தெரிந்த கண்

கேட்காமலே வைத்தியம் சொல்லும் ஓர் இனம் உண்டு. நீங்கள் ஒரு தும்மல் போட்டால் போதும், எதிர்வீட்டு மாடியிலிருந்தே கஷாயம் சொல்லிவிடுவார்கள். வேங்கிக்காலில் அந்த இனத்துக்குப் பிரதிநிதி முருகவேல். ஏதோ ஒரு அலுவலகத்தில் தபால் பிரிவு. வருகிற மனுவில் ‘பொருள்’ என்று போட்டிருக்கும் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று பென்சிலால் கிறுக்கிவிடுவார். மீதியைப் படித்ததாகச் சரித்திரமே கிடையாது. நோயாளிகள் விஷயத்திலும் அவருக்கு அந்த ஒரு வரி போதும்.

பக்கத்து வீட்டு கவியா கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருஷத்தில் நாலு கண்ணாடி மாற்றிவிட்டாள், இன்னும் எழுத்துக்குப் பக்கத்தில் எழுத்தின் நிழல். "மாமா, கண்ணு அரிக்குது..." என்று அவள் ஆரம்பித்ததுமே முருகவேல் முடித்துவிட்டார்.

"சூடும்மா! பொன்னாங்கண்ணி சாப்பிடு, தலைக்கு வெளக்கெண்ணெய் வெய்யி. அரிச்சா நல்லா கசக்கு. ரத்தம் ஓடட்டும்."

கவியா கசக்கினாள். மனதாரக் கசக்கினாள்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் தெருவே மொட்டை மாடியில் நின்றது. மலை உச்சியில் சுடர் எழுந்ததும் எல்லோரும் அரோகரா போட, கவியா மட்டும் ஒரு கண்ணை மூடித் திறந்து, மறு கண்ணை மூடித் திறந்து, "மாமா, எனக்கு அஞ்சு தெரியுது" என்றாள்.

முருகவேலுக்குப் புல்லரித்துவிட்டது.

"காலையில கோயில்ல பரணி தீபத்துல ஒரு விளக்கு அஞ்சாச்சு, இப்ப மலையில அஞ்சும் ஒண்ணாச்சு. உனக்கு மட்டும் அண்ணாமலையார் அதப் பிரிச்சிக் காட்டிட்டாரும்மா!"

அடுத்த வீட்டு ஜோதியம்மாள் விபூதித் தட்டோடு ஓடிவந்து, கவியா கையால் பூசச் சொல்லித் தலையைக் குனிந்தாள்.

"தெருவிளக்கும் அஞ்சாத்தான் தெரியுது மாமா."

"தெருவிளக்குல அவர் இருக்கக் கூடாதா?"

கவியாவின் அம்மா தமிழ்செல்விக்கு இந்த அருள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மறுநாளே மகளைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டருக்கு விவரம் சொல்ல ஆள் வேண்டாமா? முருகவேலும் கூடவே போனார்.

டாக்டர் வினோதினி ஒரு மெஷினில் கவியாவின் முகவாயை வைக்கச் சொல்லிக் கண்ணைப் படம் எடுத்தார். படத்தின் நடுவில் சிவப்பாக ஒரு மேடு.

"இதுக்கு கெரட்டோகோனஸ்னு பேரு. ரொம்பப் பேருக்கு வராது. கண்ணோட முன்பக்கத் திரை, கார்னியா, மெலிஞ்சு போய்க் கூம்பு மாதிரி துருத்திக்கிட்டு வருது. அதனாலதான் ஒண்ணு பலதாத் தெரியுது. இப்படியே விட்டா பார்வை மேல மேல கம்மியாயிடும். மருந்து விட்டு, ஒரு ஒளியைக் காட்டி அந்தத் திரையைக் கெட்டிப்படுத்தினா, பெரும்பாலும் இதோட நிறுத்திடலாம். ஆனா போனது முழுசாத் திரும்பாது. அதுக்குத் தனியா லென்ஸ் போட்டுக்கணும்." அப்புறம், "கண்ணை ஜாஸ்தி கசக்குவியாம்மா? கசக்கினா இன்னும் மோசமாகும்" என்றார்.

தமிழ்செல்வி முருகவேலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு பெண்ணின் கண்ணோடு விளையாடிவிட்டோமே என்று முருகவேலுக்கு உறைத்தது. "நான்தாங்க கசக்கச் சொன்னேன்" என்றார். அவர் வாழ்நாளில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது அன்றுதான்.

சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்ததில் கூம்பு நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஆறு மாதமும் முருகவேல் ஒரு கஷாயம்கூடச் சொல்லவில்லை. சேதி தெரிந்த மறுநாளே டீக்கடையில், கண்ணில் தூசி விழுந்த ராஜேந்திரனைப் பிடித்து, "கூம்புதான், சந்தேகமே இல்ல. ஒரு கண்ண மூடிக்கினு அந்த பல்பப் பாரு!" என்று ஆரம்பித்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். சற்று முன் நீங்களும் ஒரு கண்ணை மூடி விளக்கைப் பார்த்தீர்கள்தானே? ஒன்றுதான் தெரிந்தது, சந்தோஷம். பிறகு எதற்குப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "எங்க, நீ பாரு" என்கிறீர்கள்?