அரச அங்கீகாரம் பெற்ற நம்பத்தகாதவர்

கொழும்பிலயிருந்து எங்கட ஊர் ஓர்ஸ் ஹில்லுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. விடயம்: "இனிமையாகப் பழகும் நம்பத்தகாத நபர்களை இளஞ்சிறார்கள் இனங்காணச் செய்தல்." நல்ல விசயம்தானே. சின்னப் பிள்ளையள் ஆர் சிரிச்சுக் கூப்பிட்டாலும் போயிடுதுகள். சண்டைக் காலம் வேற. பிள்ளைக்கு ஆளைத் தெரிய வேணும். அதில ஒரு பிழையும் இல்லை. பிழை எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

சண்டைக் காலம் எண்டன். சரியாச் சொன்னா, சண்டை நிண்டிட்டுது எண்டு ரேடியோ சொன்ன காலம். ஆளை மறிச்சுச் சோதிக்கிற சென்றிப் பொயின்ற் ஒண்டும் கழட்டேல்ல. அங்க நிண்ட ஆமிக்காரங்களிட்ட ரேடியோ இல்லையோ என்னவோ. ஓர்ஸ் ஹில்லில வாடகைக்கு எடுக்க ஒரு வீடு மிஞ்சேல்ல. எல்லா வீட்டு வாசலிலயும் ஒரு தொண்டு நிறுவனப் பெயர்ப் போட், ஒரு வெள்ளை வாகனம், கழுத்தில அட்டை தொங்குற ஒரு ஆள். அந்த வருசம் அட்டை தொங்கினாத்தான் மனிசன். ஒரு மாப்பிள்ளை மணவறையிலயும் அட்டையோட இருந்தவர். ஐயர் மாலையை எதுக்கு மேல போடுறது எண்டு தெரியாமக் கொஞ்ச நேரம் யோசிச்சுக்கொண்டு நிண்டவர்.

நான் அல்பிரட். ஓட்டோ ஓடுறனான். காலமை எட்டுப் பிள்ளையளை நேசறிப் பள்ளிக்கு ஏத்திக்கொண்டு போய், மத்தியானம் வீட்டில இறக்கி விடுறது. மற்ற ஓட்டம் வரும், வராமலும் விடும். இந்த எட்டுப் பிள்ளையளாலதான் என்ர வீட்டில அடுப்பெரியுது. படிப்பு ஐஞ்சாம் வகுப்போட சரி. ஆனா பாதர் பிரசங்கம் வைக்கிற மாதிரி, பஸ் கொண்டக்டர் கத்துற மாதிரி, மீன் ஏலம் கூறுற மாதிரிக் கதைச்சுக் காட்டச் சொன்னா எனக்குச் சோறே வேண்டாம். பிள்ளையள் என்ர ஓட்டோவில அடிபட்டு ஏறுறதும் அதுக்காகத்தான்.

அந்த வாயாலதான் அகப்பட்டன். சிறுவர் விழிப்பூட்டல் காரியாலயத்து இணைப்பாளர் சோமசேகரம் சேர் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"அல்பிரட், நீர் ஒரு பதவிக்குத் தெரிவாகியிருக்கிறீர்."

"என்ன பதவி சேர்?"

"மாதிரி நம்பத்தகாதவர்."

"அதென்ன சேர் வேலை?"

"செயன்முறைப் பயிற்சி. கெட்ட ஆள் ஒருத்தர் பிள்ளையளிட்ட வந்து இனிக்க இனிக்கக் கதைச்சுக் கூப்பிட வேணும். பிள்ளையள் 'மாட்டம்' எண்டு சொல்ல வேணும். நாங்கள் அதைப் போட்டோ எடுக்க வேணும்."

"நீங்களே கூப்பிடலாமே சேர்?"

"எனக்குச் சிரிக்க வராது."

அது உண்மை. அவர் சிரிச்சா பல்லு வலி எண்டுதான் ஆக்கள் நினைப்பினம். நாடகம் எண்டதும் நானும் ஓம் எண்டிட்டன்.

"அப்ப கிராம சேவகரிட்ட ஒரு நற்சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாரும். அரச நியமனம் எல்லே."

எங்கட கிராம சேவகர் குணரத்தினம் விதானையார் நல்ல மனிசன். கேட்ட உடன எழுதித் தந்தார். சேர் வாசிச்சார்.

"இதில 'நம்பிக்கைக்குரியவர்' எண்டு கிடக்கு. பதவிக்குத் தகுதியீனம். மாத்திக்கொண்டு வாரும்."

திரும்ப விதானையாரிட்ட ஓடினன்.

"அண்ணை, நம்பத்தகாதவர் எண்டு எழுதித் தாங்கோ."

"அதுக்கு அச்சடிச்ச போம் இல்லை அல்பிரட்."

"கையால எழுதுங்கோவன்."

"ஆர் சொன்னது நீர் நம்பத்தகாதவர் எண்டு?"

"நான்தான் சொல்லுறன்."

"நம்பத்தகாத ஆள் சொல்லுறதை நான் எப்பிடியடாப்பா நம்பிக் கையெழுத்து வைக்கிறது?"

மூண்டு நாள் யோசிச்சார் பாவம். கடைசியில இப்பிடி எழுதினார்: "மேற்படி அல்பிரட் என்பவர் நம்பத்தகாதவர் என்பதை எனது சொந்த அறிவின்படி உறுதிப்படுத்துவதோடு, அன்னாரின் நேர்மையான சேவையைப் பெற்றுக்கொள்ளுமாறும் சிபாரிசு செய்கின்றேன்." சேருக்கு நல்ல சந்தோசம். கோப்பில போட்டார்.

பயிற்சி நாள் வந்தது. உட்துறைமுக வீதியில இராசமலர் ரீச்சரின்ர நேசறி. நான் நீட்டுக் கை சேட், கறுப்புக் கண்ணாடி, ஒரு போத்தல் சென்ற் பூசிக்கொண்டு போய் இறங்கினன். சேர் கமராவோட கதிரைக்கு மேல ஏறி நிண்டார்.

"செல்லங்களே, மாமாவோட வாறீங்களோ? கப்பல் காட்டுறன்!" எண்டன், தேன் ஒழுக.

"ஓம்!"

இருபத்திரண்டு பிள்ளையும் ஓடி வந்திட்டுதுகள். பதினாலு பேர் ஓட்டோவுக்குள்ள. மிச்சம் வெளியால தொங்குதுகள். ஒண்டு சேரைப் பாத்து, "நீங்களும் வாங்கோ, இடம் இருக்கு" எண்டுது.

சேருக்கு முகம் கறுத்துப் போச்சு. "ரீச்சர், என்ன இது? இந்தப் போட்டோவை நான் கொழும்புக்கு அனுப்ப ஏலுமோ?"

"சேர், இது அல்பிரட். ஒவ்வொரு நாளும் ஏத்தி இறக்கிற ஆள். தெரிஞ்ச ஆளோட போகுதுகள்."

"தெரிஞ்ச ஆள்தான் கூட ஆபத்து எண்டு சுற்றறிக்கையில நாலாம் பந்தியில கிடக்கு."

"அப்ப தெரியாத ஆளைக் கொண்டு வாங்கோ."

"தெரியாத ஆளைப் பிள்ளையளுக்குக் கிட்ட விடக்கூடாது எண்டு ஆறாம் பந்தியில கிடக்கு."

சேர் ஒரு முடிவோட கதிரையால இறங்கினார்.

அடுத்த நாள் எனக்கும் ஒரு அட்டை. நீல நாடா, என்ர படம், மினுமினுப்பா லமினேற் பண்ணி, கீழ வட்ட முத்திரை. "அரச அங்கீகாரம் பெற்ற நம்பத்தகாதவர்."

"ரீச்சர், இனிச் சுகம். கழுத்தில அட்டை போட்டவர் கெட்டவர் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்கோ."

"சேர், நீங்களும் போட்டிருக்கிறீங்கள்."

"நான் அதிகாரி. வாசிச்சாத் தெரியும்தானே?"

"நேசறிப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது சேர்."

"வாசிப்பு அடுத்த வருசத் திட்டம்."

ரீச்சரும் என்ன செய்யிறது. "அட்டை மாமா வாறார், எட்டி எட்டி ஓடு" எண்டு ஒரு பாட்டுக் கட்டி, கை காலை ஆட்டிப் பழக்கினா. மூண்டு நாளில பிள்ளையள் கரைச்சுக் குடிச்சிட்டுதுகள்.

எனக்கு அட்டையால வந்த முதல் நன்மையைச் சொல்ல வேணும். சென்றியால பதினைஞ்சு வருசம் நல்ல மனிசனாப் போய் வந்தனான். ஒரு நாள் விடாம இறக்கி, சீற்றைக் கழட்டி, சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பாப்பாங்கள். அட்டையோட போன அண்டைக்கு ஆமிக்காரன் முத்திரையைப் பாத்தான். நேரா நிமிந்தான். "ஹரி, ஹரி, யன்ன" எண்டு, சரி போ எண்டு சிங்களத்தில சொல்லி, சல்யூட் அடிச்சு அனுப்பினான். நம்பத்தகாதவனா இருக்கிறதில இவ்வளவு மரியாதை கிடக்கெண்டு தெரிஞ்சிருந்தா, சின்னனிலயே தொடங்கியிருப்பன்.

அந்தச் சந்தோசப் புழுகம் நேசறிக்குப் பிள்ளை ஏத்தப் போகுமட்டும்தான். முதல் வீட்டுப் பிள்ளை என்னைக் கண்ட உடன "அட்டை மாமா!" எண்டு அலறிக்கொண்டு போய் அலுமாரிக்குள்ள ஒளிச்சிட்டுது. ரெண்டாவது வீட்டில பிள்ளை அழேல்ல. தாய் அட்டையை எடுத்து ஆறுதலா வாசிச்சா.

"அல்பிரட், உங்களை எங்களுக்குத் தெரியாதோ? தங்கமான மனிசன்."

"பின்னை ஏத்தி விடுங்கோவன்."

"ஆனா முத்திரை குத்திக் கிடக்கே அல்பிரட்."

சேரிட்ட ஓடினன். "சேர், இதைக் கழட்டப் போறன்."

"ஐயையோ! அட்டையோட இருக்குமட்டும் நீர் அரச ஊழியர். கழட்டினா நீர் அட்டை இல்லாத நம்பத்தகாதவர். அது குற்றமெல்லே. திட்டம் முடியட்டும்."

அந்தக் கிழமைக்குள்ள எட்டுப் பிள்ளை ஒண்டாப் போச்சு. மிஞ்சினது மைமூனா அக்காவின்ர மகள் றம்லா, ஐஞ்சு வயசு. அவள் அட்டையைத் தூக்கிப் பின்பக்கம் பாத்தாள். என்ர முகத்தைப் பாத்தாள். "இதுக்குப் பின்னால நிக்கிறது நீங்கதானே மாமா?" எண்டு கேட்டிட்டு ஏறிக் குந்தினாள். ஒரு பிள்ளைக்கு ஓடினா பெற்றோல் காசுக்கும் காணாது. ஆனா அந்த ஒண்டும் ஏறாட்டி ஓட்டோவை வித்திட்டு வீட்டில இருக்க வேண்டியதுதான்.

திட்டத்தின்ர நிறைவு விழா கடற்கரைப் பக்கத் திடலில. கொழும்பால, கந்தளாயால எல்லாம் பெரியாக்கள் வந்து வெள்ளை வாகனத்தால இறங்கினம். எல்லாற்ற கழுத்திலயும் அட்டை. சிலருக்கு ரெண்டு. பிரதம விருந்தினர் அம்மா கையை விரிச்சுக்கொண்டு, "வாங்கோ கண்ணுகளா" எண்டா.

பிள்ளையள் பாட்டையும் படிச்சுக்கொண்டே சிதறி ஓடின ஓட்டத்தில, எங்கட ஊரில ஆடு மாடு மாதிரித் திடலில மேயிற மான் எல்லாம் மிரண்டு சேர்ந்து ஓடிச்சு. ஆர் மானைத் துரத்தினது, ஆர் பிள்ளையைத் துரத்தினது எண்டு தெரியாது. கந்தளாய் ஐயா ஒருத்தர் மான் ஒண்டைத்தான் கட்டிப் பிடிச்சவர்.

சேர் முடிஞ்சார் எண்டு நினைச்சன். மனிசன் அண்டைக்கே அறிக்கை எழுதினார்: "இருபத்திரண்டு சிறார்கள், ஒரே நேரத்தில், முப்பத்தொரு நம்பத்தகாத நபர்களை வெற்றிகரமாக இனங்கண்டனர். நூற்றுக்கு நூற்றுநாற்பது சதவீதச் சித்தி." கொழும்பு பாராட்டுக் கடிதம் அனுப்பிச்சுது.

"சேர், திட்டம் முடிஞ்சுது. நான் நல்லவன் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. பிள்ளையளைத் திருப்பிப் பிடிக்க வேணும்."

"விண்ணப்பியும்."

விண்ணப்பிச்சன். பதில் வந்தது: "நம்பத்தகாதவரின் கூற்றை ஆதாரமாகக் கொள்ள இயலாது."

இப்பிடி நான் மண்டையைச் சொறிஞ்சுகொண்டு திரியேக்கதான் கொழும்புக் காரியாலயத்து ஆள் எண்டு ஒரு பெருமான் வந்தார். கழுத்தில மூண்டு அட்டை. வெள்ளைச் சேட், வாய் நிறையச் சிரிப்பு. நேசறிக்கு வந்து எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். என்னை "அல்பிரட் அண்ணா" எண்டார். உங்கட பழியை அரசாங்க வர்த்தமானியில போட்டுத் துடைச்சு விடுறன் எண்டார். இராசமலர் ரீச்சருக்கு நிரந்தர நியமனம். சோமசேகரம் சேருக்குக் கொழும்பில பெரிய கதிரை. மைமூனா அக்காவுக்கு, றம்லாவைப் பெரிய பள்ளிக்கூடத்தில சேத்து விடுறது.

"ஒண்டும் வேண்டாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஐடென்ரி காட். ஒறிஜினல் மட்டும். புதன்கிழமை கொண்டு வந்து தருவன்."

இந்த ஊரில ஐடென்ரி இல்லாட்டி தெருமுனைக்கும் போக ஏலாது. அதைக் கழட்டிக் குடுக்க நாங்கள் நாலு பேரும் வரிசையில நிண்டம்.

"உம்மா, குடுக்காதீங்க," எண்டாள் றம்லா.

"ஏன்டி?"

"அவர் என்னோட சிரிக்கேக்க என்னைப் பாக்கேல்ல. உங்கட பேக்கைத்தான் பாக்கிறார்."

"சீ! பெரியாக்களைக் கதைக்கிற கதையா? மாமாவுக்கு சலாம் சொல்லு!"

"மூண்டு அட்டை போட்டவரைப் பாத்து அப்பிடிச் சொல்லலாமோ பிள்ளை?" எண்டா, பாட்டுக் கட்டிப் பழக்கின இராசமலர் ரீச்சர்.

நான் சும்மா நிண்டனானோ? றம்லாவின்ர குரலில, அவளை மாதிரி இடுப்பில கையை வச்சுக்கொண்டு, "பேக்கைத்தான் பாக்கிறார்" எண்டு செய்து காட்டினன். எல்லாரும் வயிறு நோகச் சிரிச்சம். அந்தப் பெருமானும் சிரிச்சார். சிரிச்சுக்கொண்டே பத்திரங்களைப் பைக்குள்ள வச்சார்.

புதன் வந்தது. அவர் வரேல்ல. எத்தினையோ புதன் போச்சு. கொழும்புக்கு ரெலிபோன் கோல் எடுத்தா, அப்பிடி ஒரு ஆளே இல்லையாம். பொலிசுக்குப் போனம். முறைப்பாடு எழுத ஐடென்ரி காட் வேணுமாம். சேர் மட்டும் கொஞ்சம் தெம்பா, "பெரியாக்களுக்கும் இப்பிடி ஒரு திட்டம் கேட்டு எழுதுவம்" எண்டார். கையெழுத்து வைக்கத்தான் அவர் ஆர் எண்டு காட்ட ஒரு துண்டும் இல்லை.

மற்ற நாள் காலமை றம்லா வீட்டு வாசலில ஓட்டோவை நிப்பாட்டினன். அவள் பையோட நிண்டாள். ஏறேல்ல.

"றம்லா, அட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டன் பார்."

"நீங்க கெட்டவர் இல்ல மாமா."

"பின்னை ஏறன் ராசாத்தி."

"ஏலாது. உங்களுக்கு ஆக்களைத் தெரியாது. வழியில ஆராவது சிரிச்சுக் கேட்டா ஓட்டோவையும் குடுத்திடுவீங்க." ஓட்டோச் சீற்றைப் பாத்தாள். "நான் உள்ள இருக்கேக்க குடுத்திட்டா?"

அவள் நடக்கத் தொடங்கினாள். பின்னால மைமூனா அக்கா. நான் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனன். சந்தியில சேரும் ரீச்சரும் ஐடென்ரி இல்லாமச் சென்றியைக் கடக்கப் பயந்து, மதிலோட ஒட்டிக்கொண்டு நிண்டினம். நான் ஓட்டோவை அந்த மதிலோடயே விட்டன். அவையளும் எங்களோட சேர்ந்தினம்.

றம்லா திரும்பி எங்களை ஒருக்கா எண்ணிப் பாத்தாள்.

"நாலு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்க. ஆரும் சிரிச்சாச் சிரிக்கக் கூடாது. கேட்டா ஒண்டும் குடுக்கக் கூடாது."

"ஓம்," எண்டார் சோமசேகரம் சேர்.