ஓசூரில் நம் கேசட் விற்காத காரணம்

ஓசூர்,
2005, ஆவணி மாதம்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் பூபதி அவர்களுக்கு ரத்தினவேல் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை பொற்கொடியும் நலம். அங்கே உங்கள் உடம்பும், அக்காவின் மூட்டுவலியும், அருப்புக்கோட்டையில் உங்கள் கேசட் கடையும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். கடை நலமாக இல்லை என்பது உங்கள் கடிதத்தின் சூட்டிலேயே தெரிந்தது.

பொற்கொடி பாடி நீங்கள் வெளியிட்ட வளைகாப்புப் பாட்டு கேசட் ஓசூரில் ஒன்றுகூட விற்காததற்குத் திருட்டு சிடிக்காரர்கள்தான் காரணம், அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். மோட்டார் எரிந்தால் எங்கே எரிந்தது என்று கண்டுபிடிப்பேன், திருடனைப் பிடித்துப் பழக்கமில்லை. இருந்தாலும் பெண் கொடுத்த வீட்டுப் பேச்சைத் தட்ட முடியுமா? ஷிப்ட் முடிந்ததும் யூனிஃபாரத்தை மாற்றிக்கொண்டு, வெளியூர்க்காரன்போல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தார்ப்பாயில் சிடி பரப்பி உட்கார்ந்திருந்தவன் எங்கள் பின் தெரு கோபி. "என்னாங்கண்ணா, இன்னிக்கு டூட்டி இல்லீங்களா?" என்று அவன் கேட்டதிலேயே என் வேஷம் கலைந்துவிட்டது. நேராகவே கேட்டேன். "உங்க பொற்கொடி அக்கா பாட்டைக் காப்பி போட்டு விக்கிறியாமே?" அவன் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. "அண்ணா, தமிழ், கன்னடம், தெலுங்குன்னு ஒரே சிடியில நூத்தம்பது பாட்டு போட்டுக் குடுக்கறேன். அதுக்கே பேரம் பேசுறாங்க. அக்கா பாட்டைத் திருடுனா வெறும் சிடி வாங்குன காசுகூடத் தேறாதுங்க. யாராச்சும் வந்து கேட்டா நானே திருடிக்க மாட்டனா? நீங்க வந்து சொல்லணுமா?" மச்சான், பொருள் திருட்டுப் போனால் வருத்தம்தான். ஆனால் திருடவே லாயக்கில்லாத பொருள் என்று திருடனே சொன்னால் அந்த வருத்தத்தை எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது? வீட்டுக்கு வந்து, "உன் பாட்டை ஊரே திருடுதாம்" என்று பொற்கொடியிடம் சொன்னேன். "நெசமாவா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அன்றைக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

மறுநாள் கேன்டீனில் இந்த விவகாரத்தைப் பொதுச்சபைக்குக் கொண்டுபோனேன். "ஒரு பாட்டு புடிச்சிருந்தா அதுக்காகப் பன்னெண்டு பாட்டையும் தலையில கட்டுவீங்க, அப்புறம் விக்கலைன்னு அழுவீங்க" என்றான் எங்கள் செக்‌ஷன் மாதவன். சாம்பார் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே யூனியன்காரர் நாராயணப்பன், "எங்க வீட்டு வளைகாப்புல அந்த கேசட்தானப்பா ஓடுச்சு, அருமையான பாட்டு" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. "எந்தக் கடையில வாங்குனீங்க?" என்றேன். "வாங்கறதா? சென்னம்மாகிட்ட இருந்து எடுத்தாந்தோம்." சென்னம்மா, கோபியின் தாயார். கேசட் வந்த அன்றைக்கு ஸ்வீட்டோடு சேர்த்து அவருக்கு ஒன்றை இலவசமாகக் கொடுத்தவன் நான். அந்த ஒரே கேசட்தான் எங்கள் தெருவில் ஆரம்பித்து குருபரப்பள்ளி வரைக்கும் எல்லா வளைகாப்புக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. அட்டையில் மஞ்சள், குங்குமம், சந்தனம் எல்லாம் ஏறி அது ஒரு சுமங்கலிபோல ஆகிவிட்டது. நாடா இழுத்துப்போய், பொற்கொடி சில இடங்களில் என் குரலில் பாடுகிறாள். "இது திருட்டு இல்லையா?" என்று நான் குதித்தேன். "ஒரு ஆட்டுக்கல்லுல பத்து வீடு மாவாட்டுனா, கல்லு கொத்துனவன் கேஸ் போடுவானாய்யா?" என்று கேட்டுவிட்டு நாராயணப்பன் கை கழுவப் போய்விட்டார். இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இன்னொரு சங்கடத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பொற்கொடி நேரில் பாடும்போது, வளையல் போட்டுக்கொள்ளும் பெண்ணின் பெயரைச் சேர்த்து, புருஷனை ஒரு இழுப்பு இழுத்து, மாமியாரை ஒரு குத்து குத்தித்தான் பாடுவாள். பதிவு செய்யும்போது யார் பெயரைச் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. அப்போது ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த உங்கள் மகள் லாவண்யாவின் பெயரைப் போடச் சொன்னது நீங்கள். இப்போது இந்தப் பக்கத்தில் எந்தக் கர்ப்பிணி கையில் வளையல் ஏறினாலும் வாழ்த்து லாவண்யாவுக்குத்தான் போகிறது. போன மாதம் எங்கள் தெருப் பெண் ஜெயமணியின் வளைகாப்பில், "நீ சொமக்கும் பிள்ளைக்கு ஊரெல்லாம் காவல், லாவண்யா" என்று கேசட் பாடியதும், அவள் மாமியார் செல்வம்மாள் மகன் பக்கம் திரும்பி, "யாருடா அந்த லாவண்யா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பையன் வெளுத்துப்போனான். அவன் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பெயரில் ஒரு பெண் இருந்தாளாம். பாவம், வெறும் கேன்டீன் பழக்கம்தானாம். விளங்க வைப்பதற்குள் பாயசம் ஆறிவிட்டது.

சிரித்தது போதும் மச்சான். சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன். கேசட் வந்த பிறகு பொற்கொடியை யாரும் பாடக் கூப்பிடுவதில்லை. "கேசட் இருக்குதில்ல, பொற்கொடிக்கு எதுக்கு செரமம்?" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். சாப்பிட மட்டும் கூப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு வளைகாப்புக்கு அழைப்பு வந்தால் அன்றைக்கே அடுப்படியில் பாட்டு தொடங்கிவிடும். "ஏங்க, பொண்ணோட மாமனார் மொபெட்டுல போவாராமே, அத எப்படிச் சேக்க?" என்று என்னைக் கேட்பாள். நான் ஏதாவது உளறுவேன். அவளுக்குப் பாதிப் பாட்டில் சிரிப்பு வந்துவிடும். இப்போது அடுப்படியில் மிக்ஸி சத்தம் மட்டும்தான். ஒருநாள் கேட்டே விட்டேன், ஒரு பாட்டுப் பாடேன் என்று. "அதான் கேசட் இருக்கே, போட்டுக் கேளுங்க" என்றாள். போட்டேன். லாவண்யாவை வாழ்த்தினாள். நடுவில் சிரிக்கவே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டியின் குரலுக்கு ஏங்குகிறேன் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கோபி வீட்டில் வளைகாப்பு. அவன் மனைவி மாதேஸ்வரிக்கு. அந்த கேசட்டைப் போடவே ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவைத்திருக்கிறானாம். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரிஜினல் கேசட்டோடு புறப்பட்டு வாருங்கள். இருவருமாகப் போலீஸுக்குப் போவோம். அடுத்தவர் பாட்டில் கை வைப்பவன் யாராக இருந்தாலும், சொந்தக்காரனாகவே இருந்தாலும், தயவுதாட்சண்யம் பார்க்கக் கூடாது. அக்காவுக்கு என் வணக்கம். லாவண்யாவின் குழந்தைக்கு முத்தங்கள். வாழ்த்து தனியாகச் சொல்லவில்லை, கிருஷ்ணகிரி ஜில்லாவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத
ரத்தினவேல்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. கோபி வீட்டில் முதல் வளையல் ஏறும்போது கேசட் "லாவண்யா" என்று ஆரம்பித்தது, பட்டென்று கரண்ட் போய்விட்டது. பெண்கள் எல்லாரும் வளையலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னம்மாதான், "பொற்கொடி, நீயே பாடும்மா" என்றார். "எனக்கு மறந்துபோச்சே" என்றாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"பச்சை வளை பூட்டியாச்சு மாதேஸ்வரிக்கு,
பிள்ளை அழுதா எந்த சிடி போடுவான் கோபி?"

வீடே சிரித்தது. அவளும் நடுவில் சிரித்துவிட்டாள் மச்சான், பழையபடி. கோபி என் காதோரம் வந்து, "அண்ணா, இது ஓடும்ணா! பதிஞ்சுக்கலாம்னா பாழாப்போன கரண்ட் இல்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். கூட்டத்திலேயே ஊத்தங்கரைக்காரர் ஒருவர் அடுத்த மாத வளைகாப்புக்கு வந்து பாட வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டுவிட்டார். இப்போது அடுப்படியில் அந்த வீட்டு மாமியாரைப் பாட்டுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். போலீஸ் நமக்கு வேண்டவே வேண்டாம். "தெருவெல்லாம் கரண்ட் இருக்கு, எங்க வீட்டுல மட்டும் இல்ல, வந்து பாருங்கண்ணா" என்று கோபி என்னைக் கூப்பிட வந்திருக்கிறான். அக்கா பாட்டு முடியட்டும் என்று உட்கார வைத்திருக்கிறேன். அவன் வீட்டு ஃபியூஸ் கட்டை என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.