மெட்டு ஏறாத கார்

போடிமெட்டு மலைப்பாதையில் முந்தலைத் தாண்டி மூன்று வளைவுகளைக் கார் ஒழுங்காகத்தான் ஏறியது. நாலாவது வளைவில் இருமத் தொடங்கியது. பாண்டியராஜன் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு வந்தான், பிறகு ஒன்றுக்கு வந்தான். அதற்குக் கீழே கியர் இல்லாததால் கார் நின்றுவிட்டது.

பின் சீட்டில் மனைவி பொற்கொடி, அவள் மடியில் ஒரு வயது மகள், இரண்டு பெட்டி, ஒரு குக்கர், ஒரு ஜாடி நெல்லிக்காய் ஊறுகாய். பின்னால் வந்த பஸ்சு நீளமாக ஹாரன் அடித்தது.

“என்னங்க, ஏறுமா ஏறாதா?”

“ஏறும் கொடி. கொஞ்சம் மூச்சு விட்டுட்டு ஏறும்.”

பத்து நிமிடம் கழித்து ஏறத்தான் செய்தது. ஐந்தாவது வளைவில் மறுபடி நின்றது. பிள்ளை அழுதாள்.

“இப்படி நின்னு நின்னு போனா, தோட்டத்துக்குப் போய்ச் சேரையில இவளுக்குப் பள்ளிக்கூடம் பாக்கணும். வண்டியத் திருப்புங்க.”

பாண்டியராஜனுக்குப் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. மூன்று வருடமாக அங்கே ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராசிங்காபுரத்தில் மாமனார் வீட்டிலிருக்கும் மனைவி பிள்ளையைப் பார்க்க வருவான். இப்போதுதான் தோட்டத்தில் குடும்பத்துக்கென்று ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் குடி வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

இதைச் சொன்னதும் மாமனார் மொக்கச்சாமி உள்ளே போய்த் தன் காரின் சாவியை எடுத்து வந்தார்.

“கைப்பிள்ளைய ஜீப்புல ஏத்தி அனுப்ப எனக்கு மனசில்ல மாப்ள. இத வச்சுக்கங்க. இது மெட்டு ஏறுற அன்னைக்குத் தாராளமாக் கூட்டிட்டுப் போங்க.”

இருபத்தைந்து வருடப் பழைய நீலநிறக் கார்தான். ஆனால் ஹாஸ்டலில் வளர்ந்த பாண்டியராஜனுக்கு அதுவரை யாரும் ஒரு சைக்கிள்கூடக் கொடுத்ததில்லை. சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இனி மாமா எது சொன்னாலும் மறுத்துப் பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தான்.

சிக்கல் அந்த முடிவிலிருந்துதான் ஆரம்பித்தது.

அன்று திரும்பி வந்த காரைக் கண்டதும் மொக்கச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“எறங்குங்க மாப்ள. ரெண்டு பேருமாப் பாத்துருவோம்.”

“செல்போன்ல பாத்தேன் மாமா. இழுவ கொறஞ்சா மொதல்ல ஏர் பில்டரப் பாக்கச் சொல்றான்.”

பில்டரைக் கழற்றினால் ஒரு குழி நிலத்தில் சோளம் விதைக்கிற அளவுக்கு மண் இருந்தது. பாண்டியராஜன் தட்டிச் சுத்தம் செய்து மாட்டப் போனான்.

“பொறுங்க. பேப்பரு காஞ்சு கெடக்கு பாருங்க. ஏ ஜக்கு, எண்ணெயக் கொண்டா!” என்று மொக்கச்சாமி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“காகிதத்துக்கு எண்ணெய் விடலாமா மாமா?”

“நம்ம தோப்புத் தேங்கா எண்ணெ மாப்ள. கலப்படமே கெடையாது.”

இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறவரை என்ன சொல்லித் தடுப்பது? அவரே கால் லிட்டரை ஊற்றிப் பில்டரைக் குளிப்பாட்டி மாட்டினார். கார் கரும்புகை கக்கிக்கொண்டு, அதிரசம் சுடுகிற வாசனையோடு கிளம்பியது. முந்தல் செக்போஸ்ட்டைத் தொட்டதும் நின்றது.

“போன தடவ அஞ்சாவது வளைவு வரைக்குமாச்சும் போச்சு,” என்றாள் பொற்கொடி.

“வண்டி ஒடனே கேக்குமா ஆத்தா? எண்ணெ எறங்கணும்ல,” என்றார் மொக்கச்சாமி.

அடுத்த ஞாயிறு பாண்டியராஜன் தேனியில் புதுப் பில்டர் வாங்கிக்கொண்டு வந்தான். மொக்கச்சாமி காலை ஏழு மணிக்கே காருக்கடியில் பாயை விரித்து, பக்கத்தில் இரண்டு டம்ளரில் டீயோடு காத்திருந்தார். மெக்கானிக் போட்டுக்கொள்வதுபோல ஒரு நீலச் சட்டைகூடத் தைத்திருந்தார்.

“இன்னைக்குப் பிளக்கு மாப்ள.”

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைத்தார்கள். இரண்டு பேரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துடைத்ததில் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. நாட்டுக்கோழிக் குழம்பு. மாமா தன் தட்டிலிருந்த ஈரலை எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்தார். மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் தொடங்கி, தான் பத்தாவதில் பெயிலான கதைவரை சொன்னார்.

“கட்டிக்கிட்டு முப்பத்திரெண்டு வருசமாச்சு. எங்கிட்ட இந்தாளு இவ்வளவு பேசுனதேயில்ல,” என்றாள் ஜக்கம்மாள்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், மாமா ஒரு ரூபாய் நாணயத்தால் பிளக்குகளின் நுனியை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்த எடவெளி இருக்கணும்ல? அதுலதான் பொறி தாண்டும்.”

“எதுக்குத் தாண்டணும்கிறேன்? ஒட்டி வச்சா அதுக்குச் சிரமமில்லாமப் போகும்ல.”

கார் மூன்று காலில் நொண்டுகிற கழுதையைப்போல உதறிக்கொண்டு போடி பஸ் ஸ்டாண்டு வரை போனது. அங்கே நின்று ஒரு வெடி வெடித்தது. நாலு பேர் தள்ளித்தான் ஓரம் கட்டினார்கள்.

மூன்றாவது ஞாயிறு பிளக்குகளைப் பாண்டியராஜன் சரி செய்துவிட்டான். முகம் கழுவ ஐந்து நிமிடம்தான் போய் வந்தான். அதற்குள் மாமா காருக்கடியில் இருந்தார். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது.

“ஹேண்ட்பிரேக் கேபிளு தொளதொளன்னு இருந்துச்சு மாப்ள. மலரோடு. உருண்டுகிருண்டு போச்சுன்னா? நல்லா இறுக்கிட்டேன்.”

இந்தத் தடவை ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பின்சக்கரங்கள் கொதித்தன. வீடு திரும்பியதும் ஜக்கம்மாள் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். சொய்யென்றது.

“மாவு இருக்கு. ரெண்டு தோச ஊத்தட்டா மாப்ள?”

அன்றைக்குப் பொற்கொடிக்குப் பொறுக்கவில்லை. புருஷனைத் தனியே இழுத்துப் போனாள்.

“எங்கப்பா கைவச்ச வண்டி எதுங்க வெளங்கியிருக்கு? கைவைக்காதீங்கன்னு சொல்லித் தொலைங்களேன். அடுத்த வாரத்தோட வீடு போயிரும்.”

“எப்படிச் சொல்ல? சொந்த வண்டியக் குடுத்துட்டு, அதுக்கடியிலயே படுத்துக் கெடக்குற மனுசன். எனக்காக யாரு இப்படிக் கெடந்திருக்கா?”

பொற்கொடி அவனை முறைத்தாள்.

நாலாவது ஞாயிறுதான் கடைசி. அன்று காலையில் தேவாரத்திலிருந்து போன் வந்தது. மொக்கச்சாமியின் தம்பி தோட்டத்தில் யானை இறங்கி வாழையை மிதித்துவிட்டதாம். அவர் நீலச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் கழற்றினார்.

“நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க மாப்ள. வெரசா வந்துருவேன். சேந்தே பாப்போம்.”

மாமாவின் பேச்சைப் பாண்டியராஜன் முதன்முறையாக மீறினான். கேபிளைத் தளர்த்தினான். பில்டர் சுத்தமாக இருக்கிறதா, பிளக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று மறுபடி பார்த்தான். தனியாகக் கிளம்பினான். கார் வழவழவென்று ஓடியது. பத்தாவது நிமிடம் போடி ரோட்டில் இருமி நின்றது.

ஓரமாக உட்கார்ந்து யோசித்தான். கொஞ்ச தூரம் ஓடுகிறது, நிற்கிறது, ஓய்வெடுத்தால் மறுபடி ஓடுகிறது. முதல் நாளிலிருந்து இந்த ஒன்று மட்டும் மாறவே இல்லை. டேங்கில் பெட்ரோல்தான் இல்லையோ என்று மூடியைத் திறந்தான்.

உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது.

உடனே ஸ்டார்ட் செய்தான். கார் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தான். டேங்குக்குள் காற்றுப் போவதற்கென்று அதிலிருந்த சின்னத் துளையை யாரோ மெழுகு வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். காற்றுப் போகாததால் பெட்ரோல் இறங்காமல் டேங்குக்குள்ளேயே நின்றிருக்கிறது.

‘மழைத்தண்ணி எறங்கிறக் கூடாதுன்னு மாமா அடைச்சிருப்பாரு. பாவம்’ என்று நினைத்துக்கொண்டான். ஊக்கால் மெழுகை நோண்டி எடுத்தான். அவர் மனசு புண்படக்கூடாது, இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றும் முடிவு செய்தான்.

சாயங்காலம் வந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“வண்டி சரியாயிருச்சு மாமா. முந்தல் தாண்டி ஏழு வளைவு ஏறிப் பாத்துட்டேன். எல்லாம் நீங்க சொன்ன பக்குவந்தான். உங்களுக்கு என்ன செஞ்சாலும் தகும்.”

மொக்கச்சாமி காரின் பானட்டைத் தடவினார்.

“அப்படியா,” என்றார். பிறகு, “தென்னைக்குத் தண்ணி விட்டாங்களான்னு பாத்துட்டு வர்றேன்,” என்று தோப்புக்குள் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் மெதுவாகத்தான் வந்தார்.

மறுநாள் காலையில் பெட்டிகள் ஏறின, குக்கர் ஏறியது, ஊறுகாய் ஏறியது. மொக்கச்சாமி பேத்தியை முத்தமிட்டார். மகள் தலையில் கை வைத்தார். மாப்பிள்ளை பக்கத்து டயரில் காற்று இருக்கிறதா என்று மூன்று தடவை உதைத்துப் பார்த்தார். பாண்டியராஜன் இறங்கி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எழுந்தபோது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

கார் பதினேழு வளைவையும் ஏறியது. ஒரு வளைவில் பஸ்சையே முந்தியது. பொற்கொடி பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தாள்.

போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினான். பக்கத்தில், தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிவந்த ஜீப்பு நின்றது. அதன் டிரைவர் திருப்பதி ராசிங்காபுரத்துக்காரர், மொக்கச்சாமியின் பால்ய சிநேகிதர். அவர் நீலக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தார்.

“அடடே! மெழுகக் கண்டுபிடிச்சிட்டீங்களா?”

பாண்டியராஜன் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

“அது எப்படிண்ணே உங்களுக்குத் தெரியும்?”

“நாந்தான தம்பி சொல்லிக் குடுத்தேன். நல்லா ஓடுற வண்டிய மெட்டு ஏறாமப் பண்ண என்ன வழின்னு, ஒங்க மாமா ஒருநா வந்து விடிய விடியக் கேட்டாரு. மெழுகு, எண்ணெ, பிளக்கு, பிரேக்கு. எனக்குத் தெரிஞ்ச நாலையும் சொன்னேன்.”

பொற்கொடி வாயில் கையை வைத்தாள். பாண்டியராஜனுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் ஏனோ வரவில்லை. பெற்ற மனசு, என்ன செய்யும்?

“மகளப் பிரிய முடியாமத்தான் செஞ்சிருக்காரு, பாவம்,” என்றான்.

திருப்பதி சிரித்தார்.

“நானும் அதத்தான் கேட்டேன் தம்பி. ‘அவ போனாப் போறா, போன்ல பேசிக்கிறேன். ஆனா அவ அங்க போயிட்டா, மாப்ள ஞாயித்துக்கெழம இங்க எதுக்கு வருவாரு?’ன்னு எங்கிட்ட அழுதுட்டாரு.”