சாவிக்கொத்து அக்காவும் வராத போட்டோக்களும்

கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் சந்தேகக் கேஸாகவே நடத்திய ஒரே பிறவி சாவிக்கொத்து அக்காதான்.

திருச்செங்கோட்டில் ஒரு திருமணத் தகவல் மையம். போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டிச் சலித்துப்போன முதலாளி ஒருவர் தொடங்கியது. பதிவு, ஜாதகம், பூட்டு எல்லாமே அக்கா கையில். சாயங்காலம் மவுஸைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும், செல்போனை வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் பக்கெட்டில் போட வேண்டும்.

"போனு எதுக்குங்க உள்ள? பொண்ணு போட்டோவக் கண்ணுல பாத்தாப் பத்தாதுங்களா?"

ஒரு கோழிப்பண்ணைக்காரர் முறைத்துக்கொண்டே போட்டார். திரும்பும்போது பெண்ணைப் பெற்ற ஒருவரின் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனை மாற்றிக்கொள்ளச் சந்தித்த இரண்டு குடும்பமும் சம்பந்தியாகிவிட்டன. அக்கா அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்த மையத்துக்குப் புரோகிராம் எழுதிக்கொடுத்தவன் நான். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ஒருநாள் மதியம் முதலாளி கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, பசங்க போட்டோ எல்லாம் பளபளன்னு பிரிண்ட் ஆகுதுங்க. பொண்ணுக போட்டோ மட்டும் வெத்துக் கட்டமா வருதுங்க. பசங்கள எவன் பாப்பானுங்க?"

பஸ் பிடித்துப் போய் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் லட்சணமாக வந்தார்கள். மறுநாள் மதியம் மறுபடி போன். படங்களின் அளவைக் குறைத்தேன், கேபிளை மாற்றினேன், பிரிண்டரையே மாற்றினேன். நான் போய்ச் சேர்ந்தால் வருகிறது, திரும்பி வந்தால் நின்றுவிடுகிறது.

"உங்க போட்டோவ பிரிண்டருக்கு மேல மாட்டி வெக்கோணுமாட்டங்க" என்றார் முதலாளி. கேலி என்று நினைத்தேன். கையில் ஆணி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெரிய வரன் பார்க்கும் கூட்டம். அதற்குள் சரியாகாவிட்டால் புரோகிராமைத் தூக்கி எறிவதாக முதலாளி சொன்னார். கூடவே என்னையும் எறிவதாக என் மேனேஜர் சொன்னார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

சனிக்கிழமை காலையிலேயே போய் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மதியம் வரைக்கும் குறையில்லை. அக்கா சாப்பிடக் கிளம்பினார். குனிந்து, கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து ஒரு பென்டிரைவைப் பிடுங்கி, சாவிக்கொத்தில் மாட்டி இடுப்பில் செருகினார். அடுத்து வந்த தாளில் பெண்ணைக் காணோம், கட்டம்தான் இருந்தது.

"அக்கா, அதுல என்ன இருக்கு?"

"பொண்ணுக போட்டோ சாமி. நானில்லாதப்ப பொட்டிக்குள்ள கெடந்தா எவனாச்சும் சுட்டு வாட்ஸப்புல உட்ருவான். முன்ன ஒரு புள்ளைக்கு அப்படி ஆயித்தான் நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சு. அவிங்க வீடே அழுதுட்டுக் கெடந்துச்சு. அதுலருந்து என்ற இடுப்ப உட்டு எறக்கறதில்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். என் புரோகிராம் படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, படம் இருக்கும் இடத்தின் விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். விலாசம் பத்திரமாக இருந்தது. பெண்கள்தான் அக்காவோடு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு நகலாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நகலுக்கு எவன் காவலு?" என்றார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். "என்னதானுங்க கோளாறு?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் வேலை போகும், வாயை மூடிக்கொண்டால் என் வேலை போகும். எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த அழுத வீடும் மனசை விட்டுப் போகவில்லை.

"கோளாறே இல்லைங்க. பாதுகாப்புக்குத்தான். அக்கா பக்கத்துல இருந்தாத்தான் பொண்ணுங்க போட்டோ வரும்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மறுநாள் மண்டபத்தில் முதலாளி மைக்கைப் பிடித்துவிட்டார். "எங்ககிட்டக் குடுத்த பொண்ணு போட்டோ எங்கக்கா இடுப்பத் தாண்டி எங்கயும் போவாதுங்க." பெண்ணைப் பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். என் வேலை பிழைத்தது. அக்கா மண்டபம் முழுக்கச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு மாமியார் நடை நடந்தார்.

போன மாதம் என் தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். சேலத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு தகவல் மையம். நான் தங்கையின் போட்டோவை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏறினேன்.