காருக்கு ஜவ்வரிசி கொடுத்த டாக்டர்

காருக்கு மருந்து கொடுத்து எழுப்பிய டாக்டர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் மட்டாஞ்சேரியில், எங்கள் தெருவில் இருந்தார். ஹோமியோபதிக்காரர். அவர் தரும் வெள்ளை உருண்டைகளைப் பார்த்து ஊர் அவருக்கு ஜவ்வரிசி டாக்டர் என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மருந்து கொஞ்சம், கேள்வி நிறைய. அதுதான் அவருடைய வைத்தியம். பல்வலி என்று போனால், "இடி இடிச்சா பயமுண்டோ? எந்தப் பக்கமாச் சரிஞ்சு படுப்பேள்? புளிச்ச மோர் கண்டா ஆசையா, வெறுப்பா?" என்று ஆரம்பிப்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வலி விட்டுவிடும்.

மனிதர்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மிளகுக் கிடங்கின் சுவர்க்கடிகாரம் தாமதமாக ஓடியபோது, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று விசாரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். காவல்காரன் மட்டும் யோசித்து, "அப்புறம்தான்" என்றான். சாப்பிட்டுவிட்டு முள்ளைப் பின்னால் தள்ளிவைத்துத் தூங்கிய குமாஸ்தா அப்படித்தான் பிடிபட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கதிகாரியாக இருந்த நான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். பாலக்காட்டில் மைத்துனிக்குக் கல்யாணம். மாமனார் நேரில் வந்து அழைக்காமல் தபாலில் பத்திரிகை அனுப்பிவிட்டார். பி.ஏ. படித்த எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீயும் போகப்படாது" என்று மனைவியிடம் சொன்னேன். விசாலம் பெட்டியைக் கட்டினாள். காலையில் கொட்டுகிற மழை, டாக்ஸி கிடைக்கவில்லை. தெருக்கோடியிலிருந்த டிரைவர் குஞ்ஞுமோனைக் கூப்பிட்டு, எங்கள் காரிலேயே ஹார்பர் ஸ்டேஷனில் கொண்டுவிடச் சொன்னாள்.

கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் என்ஜின் உர் உர் என்று சுற்றியது, பற்றிக்கொள்ள மறுத்தது.

"கறங்குது சாமி, பக்ஷே பிடிக்கல்லை" என்றான் குஞ்ஞுமோன்.

பெட்ரோல் பார்த்தான், பிளக் ஒயர்களைத் துடைத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கை வைத்தபோது, "அதைத் திறக்காதே, மழைத்தண்ணி இறங்கிடும்" என்று தடுத்தேன். அந்த மூடிக்குள் சுழன்றபடி பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டர் என்ற சின்னத் துண்டு, என் ஜிப்பாவின் வலது பையில், என் கைப்பிடிக்குள் இருந்தது. விடியற்காலையில் நானே கழற்றியது.

"ரயில் போயிடும்" என்று விசாலம் கண் கலங்கினாள். இவ்வளவு நேரமும் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அப்போதுதான் குடையோடு வந்தார். தெருவே ஜன்னல்களில் நின்றது.

"ரோகிக்குப் பசி எப்படி?"

"பெட்ரோல் உண்டு டாக்டரே."

"உபத்திரவம் எப்போ தொட்டு?"

"நேத்திக்கு நன்னா ஓடித்து, மாமா" என்றாள் விசாலம்.

"ராத்திரி வீட்டில சண்டை உண்டோ?"

"உண்டு. அப்பா நேர்ல வந்து கூப்பிடல்லையாம். நான் தங்கை கல்யாணத்துக்குப் போகப்படாதாம்."

"கார் பக்கத்தில வச்சா பேசினேள்?"

ஜன்னல்கள் சிரித்தன. டாக்டர் சிரிக்கவில்லை. "ரோகி நோவுள்ள இடத்தை மட்டும் தொட விடமாட்டான்" என்று முணுமுணுத்து, அந்த மூடியைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். ஒரு குப்பியை எடுத்தார்.

"மருந்து வாங்கிக்கோரும்."

இடது கையை நீட்டினேன்.

"என்ன ஓய், பி.ஏ. படிச்ச மனுஷர். மருந்தை இடது கையிலயா வாங்குவா?"

எனக்கு வேறு வழியில்லை. அவர் குடையைச் சாய்த்து எங்கள் இருவரையும் தெருவின் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டார். வலது கையை விரித்தேன். ரோட்டர் வியர்வையில் நனைந்து கிடந்தது. கேள்வி கேட்டே வாழ்ந்த மனிதர், அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ரோட்டருக்குப் பக்கத்தில் நாலு உருண்டைகளை வைத்து, என் விரல்களை மடக்கினார்.

"எங்க போடணும்னு உமக்கே தெரியும். நனையாம நான் குடை பிடிக்கறேன்" என்றார் மெதுவாக.

மூடியைத் திறந்து மூடினேன். குஞ்ஞுமோன் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. தெரு வாயைப் பிளந்தது. விசாலம் டாக்டரைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள், ரயிலைப் பிடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கிளம்பாத வண்டிக்காரர்கள் எல்லாம் அவர் வாசலுக்கு வந்தார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் விடவில்லை. மருந்து வாங்கிப்போன லாரி முதலாளி ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, "மிட்டாய் குடுத்து ஆளை ஏமாத்தறியா?" என்று நடுத்தெருவில் சத்தம் போட்டார். நான் அங்கேதான் நின்றேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும். சொல்லவில்லை. டாக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு கேஸ்ல குணம் கண்டது, முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். விசாலத்திடமும் நான் சொன்னதில்லை. இன்று இருவருமே இல்லை.

அந்த நாலு உருண்டைகளும் காருக்குள் போகவில்லை. கார் தெருமுனை திரும்பியதும் அவற்றை வாயில் போட்டுக்கொண்டேன். தித்திப்பாக இருந்தன. மறுநாள் ரயிலில் பாலக்காட்டுக்கு நானும் போனேன்.