பதினேழாம் கட்டில் பெரியவரின் ஒரே வார்த்தை

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, தங்கை மகன் வணங்கி எழுதுவது. நான் நலம். என்னைச் சுற்றி இருப்பவர்கள்தான் யாரும் நலமில்லை. வேலை ஆஸ்பத்திரி வார்டில் அல்லவா? அத்தையின் முழங்கால் தேவலையா?

"வாயால சொன்னதுக்கெல்லாமா போலீசுக்குப் போவே?" என்று போனில் கோபித்துக்கொண்டீர்கள். விஷயத்தை முழுசாகக் கேளுங்கள். பதினேழாம் கட்டிலில் ஒரு பெரியவர். பக்கவாதத்தில் பேச்சு மொத்தமும் போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. நம் நிறத்தையும் ஒரு மிருகத்தையும் சேர்த்துச் சொல்லும் வார்த்தை. உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. மூன்று வாரமாகக் காலை ஷிஃப்டில் அவரைத் துடைத்துப் புரட்டிப் படுக்க வைப்பவன் நான். அந்த வார்த்தையை இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் பெட்பேன், இரண்டு தடவை சொன்னால் முதுகு வலி என்று நானே அகராதி போட்டுவிட்டேன். முதல் வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், மாமா. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று மறுபடி அழுதேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவர் பதறிப்போய், "என்னங்க இப்படித் திட்டறாரு?" என்றார். "திட்டலைங்க, தண்ணி கேக்கறாரு" என்று டம்ளரை எடுத்தேன்.

இதற்குள் நிறத்தையும் இனத்தையும் சொல்லித் திட்டினால் குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது. சூப்பர்வைசர் புகார்ப் படிவத்தை நீட்டி, "கையெழுத்துப் போடு, மத்ததைப் போலீஸ் பாத்துக்கும்" என்றார். சேதி கேட்டு இன்று காலை ஓடி வந்த பெரியவரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பாவுக்கு மிஞ்சினது அந்த ஒரு வார்த்தைதாங்க. அதுக்கு ஜெயிலா?" நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள், கொட்டியதையெல்லாம் அள்ளத்தானே எனக்குச் சம்பளம்! பாதி மூளை செத்தவரை எந்தக் கூண்டில் ஏற்றுவது? நீங்கள் சொன்னதே சரி என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மனசு லேசாகிவிட்டது.

அத்தைக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைத் தட்டாத தங்கை மகன்

பி.கு.: ஆள் பற்றாக்குறை என்று இன்று மாலையும் என்னை நிறுத்திக்கொண்டார்கள். பதினேழாம் கட்டிலுக்குப் போனால், திரைக்கு அந்தப் பக்கம், "கொஞ்சம் தண்ணி தர்றீங்களாம்மா? ரொம்ப நன்றி" என்று ஒரு குரல். பெரியவர்தான். வெளியே வந்த நர்ஸிடம், "பேச்சு எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். "பத்து நாளாச்சே! சாயங்காலமானா பொண்ணோட ஒரே அரட்டைதான். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அவளும் அவர் நிறம்தான், மாமா. நான் திரையை விலக்கினேன். என்னைப் பார்த்ததும் அந்த வார்த்தையை நன்றாக இழுத்துச் சொன்னார். தண்ணீர் டம்ளர் காலியாக இருந்தது; அவர் குடித்து முடித்துவிட்டிருந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.